அணையில் மணி அடிக்காத நாள்

கண்ணு,

பத்து நாளைக்கு முன்னால் நீ போனில் உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலைப் படித்துக் காட்டினாய். இண்டூர்ப் பங்காளிகள், தருமபுரியில் நம் தெருக்காரர்கள், பெங்களூரில் உன்னோடு வேலை செய்கிறவர்கள், நித்யா வீட்டார் சொன்ன ஆட்கள் என்று எல்லாப் பெயரும் வந்தது. உன் அப்பாவோடு கூடப் பிறந்த ஒரே தம்பியின் பெயர் மட்டும் வரவில்லை. "மாது சித்தப்பா?" என்று கேட்டேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தாளு வேண்டாம்மா. குடிச்சிட்டு வந்து மண்டபத்துல ஆடுவாரு. ஒரு மனுசன் சாவுக்குக் காரணமானவருன்னு நித்யா வூட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?" என்றாய். நான் "சரி" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அந்தச் 'சரி'யை நான் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் முறை சொன்னபோது நீ இரண்டு வயதுக் குழந்தை. உன் அப்பா மாதுவைத் திட்டும்போதெல்லாம் சொன்னேன். ஊர் பேசியபோது சொன்னேன். இப்போது நீ சொன்னபோதும் சொல்லிவிட்டேன். இதை நேரில் பேசியிருக்கலாம்தான். நேரில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திக்கொள்வேன். பாதியில் நிறுத்திக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டாம். நித்யாவிடம் காட்டு, அவள் அம்மா அப்பாவிடம் காட்டு, இண்டூரில் யார் கேட்டாலும் காட்டு. அணைக்குக் கீழே கன்னியப்பன் என்கிற மனிதர் செத்துப்போனது மாதுவால் இல்லை. நான் எழுதிய ஒரு நிரலால்.

நீ ஒன்றாவது படித்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் டீச்சர். அதற்கு முன் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டலில் இருப்பேன். வெள்ளிக்கிழமை ரயிலேறி தருமபுரி வந்து, பஸ் பிடித்து இண்டூர் போவேன். நான் இல்லாத நாட்களில் உன் அப்பா உரக்கடையில் இருப்பார். உனக்குச் சோறு ஊட்டியதும், கால் கழுவிவிட்டதும், சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி அதன்மேல் உன்னை உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டியதும் மாதுதான். உனக்கு அம்மா என்ற சொல்லுக்கு முன்பே 'மாத்து' என்று வந்தது. நான் வெள்ளிக்கிழமை வந்து தூக்கினால் நீ அவனிடம் தாவுவாய். எனக்கு அது பிடிக்காது. இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்வதாக உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கம்பெனிக்கு நம் ஜில்லாவில் ஒரு அணையில் வேலை கிடைத்தது. அணைக்கு மேலே, மலையடிவாரத்தில் ஆறு இறங்கி வருகிற இடத்தில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். தண்ணீர் எத்தனை அடி ஓடுகிறது என்று அது அளக்கும். அணையில் இருக்கிற கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டெலிபோன் கம்பி வழியாக அந்தக் கருவியைக் கூப்பிட்டு அளவைக் கேட்டுத் திரையில் காட்டும். அளவு ஏறினால் மணி அடிக்கும். மணி அடித்ததும் அங்கிருக்கிற ஆள் ஓவர்சியருக்குப் போன் செய்ய வேண்டும். ஓவர்சியர் கீழே இருக்கிற ஊர்களுக்கு ஜீப்பில் மைக் கட்டி ஆள் அனுப்பிவிட்டு, ஷட்டரை மெல்ல மெல்லத் திறப்பார். அந்தக் கம்ப்யூட்டரில் கூப்பிடுகிற பகுதி முழுக்க நான் எழுதியது. திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு தற்காலிக ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்டபோது, "என் கொழுந்தன் இருக்காருங்க, பத்தாவது வரைக்கும் படிச்சிருக்காரு" என்று சொன்னதும் நான்தான்.

நீயும் இந்தத் தொழிலில் இருப்பதால் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை நித்யாவின் அப்பாவும் படிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால் முதலில் தன் பக்கத்தில் ஒரு முனையைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது நீங்கள் சாக்கெட் என்கிறீர்கள். அந்த மெஷினில் நாங்கள் t_open என்று எழுதுவோம். ஒரே ஒரு வரி. திறந்தால் மூன்று, நான்கு, ஐந்து என்று ஒரு சின்ன எண் திரும்பி வரும். அதற்கப்புறம் கூப்பிடுவது, கேட்பது, வாங்குவது எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். திறக்க முடியாவிட்டால் மைனஸ் ஒன்று வரும். மைனஸ் ஒன்று வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும். பேசி முடித்ததும் திறந்த முனையை மூட வேண்டும். எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டாலும் மூட வேண்டும். ஏனென்றால் ஒரு நிரல் ஒரே நேரத்தில் இத்தனை முனைகளைத்தான் திறந்து வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டு. அந்த மெஷினில் அறுபத்து நாலு.

நான் இரண்டு தப்புச் செய்தேன். எதிர்ப்பக்கம் பதில் சொன்னால் மூடினேன், பதில் வராவிட்டால் மூடாமல் திரும்பினேன். அதோடு, t_open மைனஸ் ஒன்று கொடுத்ததா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தெரியும். அந்த வரிக்குப் பக்கத்தில் 'பிறகு சேர்க்கவும்' என்று குறிப்புக்கூட எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உனக்குக் காய்ச்சல் என்று உன் அப்பா கம்பெனிக்குப் போன் செய்திருந்தார். நான் டிஸ்கைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். ரொம்ப காலம் உன் காய்ச்சலைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் திங்கட்கிழமைக்குள் சரியாகிவிட்டது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் எனக்கு இருந்தது. நான் அந்த வரிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அணையில் மெஷினை வைத்த நாளில் நானும் போயிருந்தேன். மாது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதற்கு முன் அங்கே இருந்த ஆட்கள் மணிக்கு ஒரு தடவை கரைமேல் நடந்துபோய்ச் சுவரில் இருக்கிற அளவுகோலைப் பார்த்து எழுதி வைப்பார்கள். மாதுவிடம் நான் சொன்னேன்: "இனிமே மழையில நனைஞ்சு அங்க போவ வேண்டாம் மாது. இந்தத் திரையப் பாத்தாப் போதும். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே இது சொல்லிரும்." அவன் திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பொய் சொல்லாதுங்களா அண்ணி?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஓவர்சியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் விடியற்காலையிலேயே மழையில் டெலிபோன் கம்பி கெட்டுவிட்டது. நிரல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முனையைத் திறந்தது, கூப்பிட்டது, பதில் வரவில்லை, மூடாமல் திரும்பியது. ஐந்து மணி நேரத்தில் வரம்பு முட்டிவிட்டது. காலை பத்து மணிக்கு மேல் கம்பி தானாகவே சரியானது. கம்பி சரியாகி என்ன, t_open மைனஸ் ஒன்று கொடுத்துக்கொண்டே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நிரல் அந்த மைனஸ் ஒன்றையே தூக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய், அடுத்த வரியும் தோற்று, கடைசியாகத் தன்னிடம் இருந்த பழைய அளவையே திரும்பவும் திரையில் எழுதியது. திரையின் மூலையில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவனுக்கு மெஷின் உயிரோடுதான் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மலையிலிருந்து தண்ணீர் மொத்தமாக இறங்கியது. மணி அடிக்கவில்லை. கரைமேல் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டு மாது வெளியே ஓடி வந்து பார்த்தபோது வழிகிற மட்டத்துக்கு ஏறியிருந்தது. அவன் போன் செய்தான். ஓவர்சியர் பதறிப்போய் எல்லா ஷட்டரையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னார். கீழே மைக்கும் போகவில்லை, ஆளும் போகவில்லை. கன்னியப்பன் தன் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார். மாடுகள் இரண்டும் எப்படியோ கரையேறிவிட்டன. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

கன்னியப்பன் ஊர் ஆட்கள் மேலே ஏறி வந்து மாதுவை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவன் "மணி அடிக்கலீங்க, மணி அடிக்கலீங்க" என்று சொல்லிக்கொண்டே அடி வாங்கியிருக்கிறான். நெற்றி கிழிந்து, கை எலும்பு விட்டுப்போயிருந்தது. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று ஷட்டர் வேலைக்காரர் ஒருவர் அவன் வாயில் கொஞ்சம் சாராயம் ஊற்றினார். நல்ல எண்ணத்தில்தான். போலீஸ் வந்தபோது அவனிடம் அந்த வாசனை இருந்தது. சந்தை நாளில் அவன் குடிப்பான் என்பது ஊரறிந்த விஷயம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான், மணி அடித்தது அவன் காதில் விழவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் இது வசதியாக இருந்தது.

மறுநாள் காலை நான் பெங்களூரிலிருந்து வந்தேன். அதற்குள் கரண்ட் போய் வந்து, மெஷின் புதிதாக ஆரம்பித்திருந்தது. ஆரம்பித்தால் எல்லா முனையும் மூடியாயிற்று, வரம்பு திரும்பவும் காலி. நான் ஓட்டிப் பார்த்தேன், அளவு சரியாக வந்தது, மணி சரியாக அடித்தது. விசாரிக்க வந்த அதிகாரி, "மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க சார்" என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்த 'இல்லை'யை மட்டும் நான் என்னிடமே மன்னித்துக்கொள்ள முடியும்.

மாதுவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். தலையில் கட்டுப் போட்டிருந்தான். பக்கத்தில் உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாது என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரையில நம்பர் மாறவே இல்லீங்க அண்ணி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அப்படியே நின்னுச்சு" என்றான். நம்பர் மாறவே இல்லை என்ற அந்த ஒரு சொல் என்னோடு ரயிலில் பெங்களூருக்கு வந்தது. ஆபீஸில் அதே மாதிரி மெஷினும் கருவியும் சோதனைக்கு இருந்தன. நிரலை ஓடவிட்டுக் கம்பியைப் பிடுங்கினேன். காத்திருக்க முடியாமல் ஐந்து நிமிஷத்தை ஐந்து விநாடியாகக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பியைத் திரும்பச் சொருகினேன். நம்பர் மாறவில்லை. சொருகிப் பிடுங்கி, பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். மாறவே இல்லை. அணையிலிருந்து எடுத்து வந்திருந்த பதிவுக் கோப்பைத் திறந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே நம்பர், ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக, வரிசையாக.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அதையாவது செய்தேன். அவர் முழுக்கக் கேட்டார். "சரி பண்ணிட்டீங்களா?" என்றார். "பண்ணிட்டேன் சார்." "ஆயித்து பிடிம்மா," என்றார், போகட்டும் விடு என்கிற மாதிரி. "மெஷின் சரியா இருக்குன்னு அவங்க முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காட்டியாச்சு. இப்போ நாம போய் வாயத் திறந்தா கம்பெனி இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க. உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கில்லையா?" நான் என் இடத்துக்குத் திரும்பிப் போனேன். திருத்திய நிரல் சாதாரண மாற்றம் என்ற பெயரில் அணைக்குப் போயிற்று. பத்து நாள் கழித்துக் கடைசி விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். 'கருவியிலும் நிரலிலும் குறை எதுவும் இல்லை' என்று எழுதி நீட்டினார்கள். என் பேனாவில் மை தீர்ந்துபோயிருந்தது. அந்த அதிகாரியே தன் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வெளியே பெஞ்சில் மாது உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சொல்லிட்டீங்களாண்ணி?" என்று கேட்டான். "சொல்லிட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு வேறு கதையாகத் தெரியும். மாதுவுக்குக் கம்பைநல்லூரில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தோம். அவள் அப்பா தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு உசுரு போன கையில பொண்ணப் புடிச்சுக் குடுக்க மனசு வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு இடமும் அமையவில்லை. கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்து ஒருவழியாக விட்டார்கள். அதற்குள் அவன் உண்மையாகவே குடிகாரன் ஆகிவிட்டான். நீ பார்த்து வளர்ந்தது அந்த மாதுவைத்தான். உன் அப்பா ஒருநாள் அவனிடம் "என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து, "நான் சொன்னது சரிதானே?" என்றார். அன்றைக்கும் அந்தச் 'சரி'யைத்தான் சொன்னேன். உன் அப்பாவுக்கு t_open என்றால் எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். அதில் புரியவைக்க என்ன இருக்கிறது? தப்பு என்னுடையது என்ற இரண்டு சொல் யாருக்கும் புரியும்.

வேலையை நான் நாலு வருஷம் கழித்து விட்டேன். நடுவில் எனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள். புது நிரல் எழுத உட்கார்ந்தால் கை நகராமல் போய்த்தான் விட்டேன். உன்னை வளர்ப்பதற்காக விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் காலேஜ் ஆண்டு விழாவில் நீ மேடை ஏறி, "எனக்காக எங்கம்மா தன் வேலையைத் தியாகம் பண்ணாங்க" என்று சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதைத் தட்டினேன் என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் உன் அப்பா போன அன்று நடந்ததை மட்டும் நான் எழுதாமல் விடமாட்டேன். பந்தல் போட்டிருந்தது. மாது வந்து ரோட்டோரம் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். கையில் மாலை. குடித்திருந்தான், அதை நான் மறைக்கவில்லை. "எங்கண்ணனுக்கு வாய்க்கரிசி போட்டுட்டுப் போயிடறேன் தம்பி" என்று உன்னிடம் கேட்டான். நீ கையைக் குறுக்கே நீட்டி, "உள்ள வுடாதீங்க இந்தாள" என்று ஆட்களிடம் சொன்னாய். நான் உன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்டது. மாது என்னைத்தான் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ கையை எடுத்திருப்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மாலையைக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது கண்ணு, இல்லையென்று சொல்ல மாட்டேன். உன்னைச் சைக்கிளில் வைத்துச் சுற்றியவனை நீ அந்தாள் என்கிறாய். ஆனால் அந்தக் கையை நீட்டச் சொல்லிக் கொடுத்தது என் மூடிய வாய்தான்.

உனக்கு இந்த நேரத்தில் நான் என்ன புத்தி சொல்ல முடியும்? நிரலில் தப்பு விடாதே என்று சொல்ல மாட்டேன். விடுவாய், எல்லோரும் விடுவார்கள். தப்பு உன்னுடையது என்று உனக்குத் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வேலை போயிருக்கும். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் கூடவே என் மானமும் போயிருக்கும். ஒரு வருஷம் ஆன பிறகு உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கும். தள்ளத் தள்ள அது வளர்ந்துகொண்டே போகிறது, சொல்லக் கூடாததற்கு நியாயமும் கூடவே வளர்ந்துகொண்டு போகிறது. நித்யாவிடமும் அப்படித்தான். நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்காக அவளிடம் எதையும் மறைக்காதே. நான் உன் அப்பாவோடு நல்லபடியாக வாழ்ந்தேன் என்று ஊர் சொல்கிறது. என்னோடு யார் வாழ்ந்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை நான் பாலக்கோட்டுக்குப் போனேன். மாது அங்கே தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பது வயதில் அறுபத்தைந்து மாதிரி இருந்தான். உடைந்த கை இன்னும் முழுக்க நீளுவதில்லை, இன்னொரு கையால்தான் பாரத்தை இழுக்கிறான். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த சாக்கை எடுத்துக் கீழே போட்டு, "வாங்கண்ணி" என்றான். அவ்வளவு செய்த பிறகும் 'வாங்கண்ணி' என்றான். லாரிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. முனை, மூடாமல் விட்டது, மைனஸ் ஒன்று, கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே போட்ட கையெழுத்து என்பதையும் சொன்னேன்.

அவன் கீழே நசுங்கிக் கிடந்த தக்காளியைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருக்கலாம். "எங்கண்ணனுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டான். "தெரியாது மாது." "சாகற வரைக்குமா?" "ஆமாம்." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, "அப்ப மணி அடிக்கலைங்களா?" என்றான். "அடிக்கல." "நெஜமாவா அண்ணி?" என்று திரும்பவும் கேட்டான். எனக்குப் புரியவில்லை. அவனுக்குத் தெரியாததா? அவன்தானே இருபத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்?

"மொதல்ல நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றான். "போலீசு சொன்னாங்க, கோர்ட்டுல சொன்னாங்க, எங்கண்ணனே சொன்னாரு. எல்லாரும் தூங்கிட்ட தூங்கிட்டன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகமாயிடுச்சுங்க. கொஞ்சம் கண்ணசந்துட்டனோ, அப்ப அடிச்சிருக்குமோன்னு. கன்னியப்பன் பொண்டாட்டி என்ன ரோட்டுல பாத்தா மண்ண வாரித் தூத்துவா. நான் நின்னு வாங்கிக்குவேன். நாம தூங்கித்தான இருக்கோம்னு." கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தான். "நான் அந்த நம்பரப் பாத்துக்கிட்டே இருந்த மாதிரி ஞாபகம் இருக்குங்க அண்ணி. நாலு புள்ளி ரெண்டு. அதக்கூடக் கனவுல பாத்திருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அவனிடம் நம்பரைச் சொல்லியிருக்கவில்லை. பதிவுக் கோப்பில் காலையிலிருந்து வரிசையாக இருந்தது அதுதான். நாலு புள்ளி இரண்டு. "கனவு இல்ல மாது, அதான் நம்பர்" என்று சொன்னேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். லாரிக்காரர் "யோவ் மாது, லோடு" என்று கத்தினார். அவன் எழுந்திருக்கவில்லை.

பையிலிருந்து உன் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். உறைமேல் அவன் பெயரை நானே எழுதியிருந்தேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தான், கை நீட்டவில்லை. "நீங்க குடுத்தா வாங்க மாட்டேங்க" என்றான். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அது எனக்கு அவ்வளவு வலித்தது. "கையக் குறுக்க நீட்டுனானே, அவன் வரட்டும். நீங்க மொதல்ல கன்னியப்பன் பொண்டாட்டிகிட்டப் போயி இதச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

நேற்றுப் போனேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் வாசலில் நின்றேன், கதவு திறக்கவில்லை. அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்தேன். வாங்கின பெண், "இத்தன வருசம் கழிச்சு எதுக்கும்மா இது?" என்றாள். இனி அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். அந்த மனுவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நித்யா வீட்டார் அதைப் படித்த பிறகும் பத்திரிகையில் என் பெயர் இருக்கலாம் என்றால் இருக்கட்டும், வேண்டாமென்றால் எடுத்துவிட்டு வேறு அச்சடித்துக்கொள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

மாது காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை மண்டியில் இருப்பான். நீ பாலக்கோட்டில் ரயில் இறங்கினால் ஆட்டோ போகும். உறைமேல் பெயரை நீயே எழுது. அவன் வாங்கிக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது. வாங்காவிட்டால் கோபித்துக்கொண்டு திரும்பி வராதே, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு.

அம்மா